அம்மாட துண்டுச் சாக்கும் என்ட லெப்டொப்பும்

எங்கட வீட்டுல கட்டிலுக்குக் கீழ மூண்டு உரபேக் கிடக்கு. உள்ளுக்க உரமுமில்ல நெல்லுமில்ல, எல்லாம் துணித்துண்டு. அம்மா மட்டக்களப்பு ஆரையம்பதியில 30 வருசத்துக்கு மேல தைக்கிறா, ஸ்கூல் வெள்ளைச்சட்ட, சாறி ஜக்கட், திருவிழாவுக்கு பாவாடசட்ட, பக்கத்துல காத்தான்குடியில இருந்து வாற ஆக்கள்ற ஹபாயா எண்டு எல்லாம் தைப்பா, தைச்சு மிச்சம் வாற ஒரு துண்டையும் எறியமாட்டா. "கிடக்கட்டும் மனே, ஒரு நாளைக்கு உதவும்" எண்டு சொல்லிச் சொல்லியே மூண்டு பேக் நிறைஞ்சு போச்சு. அந்த ஒரு நாள் போன மாரியிலதான் வந்திச்சு.

அக்கா நுவரெலியாவில டீச்சர். அங்க ராவையில குளிர் எலும்புக்குள்ள போகுது எண்டு ஒவ்வொரு கோலிலயும் அழுவா. கடையில விக்கிற பொலியெஸ்டர் பிளாங்கட் கொண்டந்து போத்தினா மேல் எல்லாம் கடிக்குதாம், அதால அம்மாட துண்டுகளை சேத்து ஒரு போர்வ தைச்சுத் தாங்க, வெளிநாட்டுல எல்லாம் அப்பிடித்தான் தைக்கிறாங்க, அதுக்கு பேர் குயில்ட் எண்டா. அம்மா போனை காதுல வைச்சுக்கொண்டே என்னைப் பாத்து "என்னமோ குயில் எண்டுறாள்" எண்டா. மறுகா நான் யூடியூப்ல காட்டினன். பாத்துப்போட்டு அவ சொன்ன முதல் வார்த்த, "இதென்ன, நல்ல துணியை வெட்டி வெட்டி மறுகா தைக்கிறாளுகள், விசரா இவளுகளுக்கு?"

நான் வீட்டு பிளான் கீறுறவன். ஆக்கள் பிரதேச சபைக்கு குடுக்கிற பிளான், மதில் பிளான், கடை ஒண்டு ரெண்டு, இதுதான் என்ட சோறு. ஒட்டோகாட்ல காலையில இருந்து ராவு வரைக்கும் கோடு கீறுற எனக்கு அந்த வீடியோவைப் பாத்த உடன ஒண்டு விளங்கிச்சு, இது எங்கட வேலதான். குயில்ட்காரர் ஒரு கட்டத்தை ப்ளொக் எண்டுறாங்க, ஒட்டோகாட்லயும் ப்ளொக்தான், ஒரு கதவை ப்ளொக்கா செய்து வைச்சா வீடு முழுக்க அதை வைக்கலாம், ஒண்டை மாத்தினா எல்லாம் மாறும். அவங்களும் அதையேதான் துணியில செய்யிறாங்க. நான் சந்தோசத்துல "அம்மா நீங்க தைங்க, டிசைன் நான் பாக்கன்" எண்டு சொல்லிட்டன். அந்த வாயைத்தான் மூடியிருக்கணும்.

முதல்ல இதுக்கெண்டே ஒரு சொப்ட்வெயார் இரிக்கா எண்டு தேடினன். இரிக்கு, எலெக்ட்ரிக் குயில்ட் எண்டு, அமெரிக்காவில ஒஹையோவில ஒரு கொம்பனி, முதல் வேர்சன் 1991லயே வந்திட்டாம், இப்ப எல்லாரும் கதைக்கிறது 2017ல வந்த 8வது வேர்சனை. ஆயிரக்கணக்கான ப்ளொக் அதுக்குள்ளயே இரிக்கு, எந்த துணி எவ்வளவு வேணும் எண்டு அதுவே கணக்குப் பாக்கும், வெட்டுற டெம்ப்ளேட்டை தையலுக்கு விடுற இடத்தோட சேத்தே பிறிண்ட் பண்ணித்தரும். விலை 200 டொலருக்கு மேல. எங்கட காசுல 60,000 ரூபா தாண்டும், அந்தக் காசுக்கு நுவரெலியாவுக்கு ஒரு ஹீட்டரே வாங்கிக் குடுக்கலாம். ஒட்டோகாட்லயே கீறலாம்தான், ஆனா அதுல துணிட படத்தைப் போட்டு நிறம் பாக்கிறது பெரிய கஸ்டம். அதால இன்க்ஸ்கேப்புக்கு வந்தன், அது காசில்லாதது, 2003ல இருந்து ஆக்கள் சேந்து செய்து கொண்டு வாறது, லோகோ கீற, நோட்டீஸ் அடிக்க பாவிக்கிறது. அதுக்குள்ள குளோன் எண்டு ஒண்டு இரிக்கு, ஒரு கட்டத்தை கீறிப்போட்டு குளோன் எடுத்து பரப்பினா மூலத்துல ஒரு நிறத்தை மாத்த 48 கட்டத்திலயும் மாறும். டைல் பண்ணுறதுக்கு 17 விதமான சமச்சீர் வேற வைச்சிருக்காங்க, கிறுக்கி (சுத்தித் திருப்பி), கண்ணாடியில பாக்கிற மாதிரி பிரட்டி, தள்ளி எண்டு. நான் ரெண்டு ராவு நித்திரை கொள்ளாம அதுலயே கிடந்தன். வீட்டு பிளான் கேட்ட ஆக்களுக்கு "நாளைக்கு தாறன்" எண்டு சொல்லிச் சொல்லி.

துணியை எப்பிடி கொம்பியூட்டருக்குள்ள கொண்டு போறது? போன்ல படம் எடுத்தா வெளிச்சத்துக்கு நிறம் மாறுது, அளவும் தெரியா. ஸ்கேனர்ல ஒவ்வொரு துண்டா வைச்சு 100 டிபிஐல எடுத்தன், 100 புள்ளி ஒரு இஞ்சி எண்டா கணக்கு லேசு. இதை கனபேர் கவனிக்கிறல்ல போல, நெட்டுல பாக்கிற டிசைன் கனத்துல ரெண்டு இஞ்சி துண்டுக்குள்ள ஒரு முழுப் பூவே நிக்கும், உண்மையான துணியில அந்தப் பூ நாலு இஞ்சி, வெட்டினா பாதி இதழும் காம்பும்தான் மிஞ்சும். அளவோட ஸ்கேன் பண்ணினா எந்தப் பூ எங்க வெட்டுப்படும் எண்டு கத்திரிக்கோல் எடுக்க முதலே தெரியும். சரியாச் சொன்னா இந்த சொப்ட்வெயார் வேலையில எனக்கு பிடிச்சது இது ஒண்டுதான், வெட்டாம பிழைவிடலாம். துணியில ஒருக்கா கத்திரி பட்டா பட்டதுதான், திரையில நூறு தரம் அழிச்சு கீறலாம், ஒருத்தருக்கும் நட்டமில்ல.

டிசைன் பெருசா ஒண்டுமில்ல. 6 இஞ்சி ப்ளொக் 48, அகலத்துக்கு 6 நீளத்துக்கு 8. ஒண்டு விட்டு ஒண்டு, ஒம்பது கட்டம் உள்ள ப்ளொக்கும், மூலைக்கு மூலை வெட்டி பாதி வெளிச்சம் பாதி இருட்டா உள்ள ப்ளொக்கும். இடையில 2 இஞ்சிப் பட்டி, சுத்தி 4 இஞ்சி கரை. கூட்டினா 54க்கு 70, ஒத்தைக் கட்டிலுக்கு அளவா வரும். தூரத்துல இருந்து பாத்தா இருட்டு முக்கோணம் எல்லாம் சேந்து ஒரு சாய்ஞ்ச கோடு போர்வைக்கு குறுக்க ஓடுற மாதிரி வரணும். திரையில சரியா வந்திச்சு, கல்லடிப் பாலத்துல இருந்து ஆத்தைப் பாக்கிற மாதிரி நீலமும் பச்சையும் நடுவால ஒரு கருங்கோடும். எனக்கே என்னில ஒரு மதிப்பு வந்திட்டு.

இருட்டுத் துணி பேக்குக்குள்ள காணாது. ஸ்கூல் சட்ட எல்லாம் வெள்ள, மிச்சம் பூப்போட்டது. அதால ஒரு சனிக்கிழம நானும் அம்மாவும் கல்முனை பஸ்ஸுல ஏறி மருதமுனைக்கு போனம். அங்க கைத்தறி சாரமும் சாறியும் தெரியாத ஆக்கள் கிழக்குல இல்ல. சாரத்துக்கு நெய்த துணியில ஓரம் பிழைச்ச துண்டு கொஞ்சம் குறைச்சுத் தந்தாங்க, கருநீலம், மயில்கழுத்து நிறம், மாதுளம்பழ நிறம் ஒண்டு. அம்மா ஒவ்வொண்டையும் விரலுக்கு இடையில தேச்சுப் பாத்து, நுனியை வாயில வைச்சு நனைச்சு வெள்ளைக் கைலேஞ்சியில துடைச்சு சாயம் போகுதா எண்டு பாத்துத்தான் எடுத்தா. கடைக்காரர் சிரிச்சிட்டு "நீங்க தைக்கிற ஆள்தானே" எண்டார்.

வீட்டுக்கு கொண்டந்து எல்லாத்தையும் ஒருக்கா தோச்சம், இல்லாட்டி தைச்ச பிறகு ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவுக்கு சுருங்கும். கைத்தறி வெட்டினா நூல் நூலா பிரியும், அதுக்கு அம்மா ஒரு வழி செய்தா, சோறு வடிச்ச கஞ்சியை தண்ணி விட்டு கரைச்சு துணியை முக்கி காயவைச்சு சூட்டோட அயன் பண்ணினா, துணி மட்டை மாதிரி நிக்குது. வெளிநாட்டு ஆக்கள் இதுக்கு ஸ்ப்ரே வாங்கி அடிக்கிறாங்க.

மறுகா வந்திச்சு முதலாவது சண்டை, கால் இஞ்சிச் சண்டை. குயில்ட்ல தையலுக்கு விடுறது கால் இஞ்சி, அதுதான் உலகம் முழுக்க கணக்கு. அம்மா சட்ட தைக்கிற ஆள், அரை இஞ்சிக்கு குறைய விட்டா அவட கை நடுங்கும், பக்கத்துல எண்டா ஒரு இஞ்சி கூட விடுவா, புள்ள கொழுத்தா பிரிச்சு பெருசாக்க. "கால் இஞ்சில தைச்சா ரெண்டு தோய்ச்சல்ல பிஞ்சிடும் மனே, நான் 30 வருசமா தைக்கன், நீ எனக்கு சொல்லித்தாறியா." நான் சொன்னன், அரை இஞ்சி விட்டா நாலு துண்டு சந்திக்கிற இடத்துல எட்டு மடிப்பு துணி பெருசா சேந்து மொத்தமாகிடும், கால் இஞ்சி எண்டாலும் பின்னுக்கு இன்னொரு துணி வருது, நடுவால நூலோடித் தைக்கிறம், தையல் உள்ளுக்கதான் இரிக்கும், இழுபடாது. அவ ஒத்துக்கொண்ட மாதிரி தெரியல்ல, ஆனா தையலை சின்னனாக்கி 2 மில்லிமீற்றருக்கு வைச்சு தைக்கத் தொடங்கினா.

மெசின் 2005ல சுனாமிக்கு பிறகு கிடைச்ச கால்மெசின். அதுட பாதம் கால் இஞ்சியா எண்டு ஒருத்தருக்கும் தெரியா. ஒரு லேசான சோதனை இரிக்கு, ஒண்டரை இஞ்சி அகலத்துல மூண்டு பட்டி வெட்டி பக்கத்துல பக்கத்துல தைச்சு, நடுப் பட்டியை அளந்தா சரியா ஒரு இஞ்சி வரணும். எங்கட்ட ஒரு நூல் குறைய வந்திச்சு. ஊசியில இருந்து கால் இஞ்சியை அடிமட்டத்தால அளந்து தட்டுல காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்டரை ரெண்டு மூண்டு மடிச்சு ஒட்டினம், துணி அதுல முட்டிக்கொண்டு போகும். சரியா வந்திட்டு.

முக்கோணத்துல இன்னொரு கணக்கு இரிக்கு, இதை நான் கொஞ்சம் விரிச்சு சொல்றன், ஏனெண்டா எனக்கு இதுதான் நல்லா பிடிச்சது. சதுரம் எண்டா ரெண்டு பக்கமும் கால் கால், அரை இஞ்சி கூட்டினா முடிஞ்சு. 6 இஞ்சி வேணுமெண்டா ஆறரையில வெட்டணும். ஆனா மூலைக்கு மூலை வெட்டி முக்கோணம் எடுக்கிறதெண்டா அரை காணாது, கூர்மூலை பக்கம் துணி கனக்க நீளணும், குயில்ட்காரர் 7/8 இஞ்சி கூட்டு எண்டு மனப்பாடமா சொல்லுவாங்க. ஏன் 7/8? நான் இன்க்ஸ்கேப்புல 6 இஞ்சி முக்கோணத்தை கீறி சுத்திவர கால் இஞ்சி தள்ளி இன்னொரு கோடு விட்டுப் பாத்தன், செங்கோண மூலைப் பக்கம் கால், மற்றப் பக்கம் கால் இஞ்சியோட கால் இஞ்சிட ரூட் 2 மடங்கு, எல்லாம் சேத்து 0.854 வந்திச்சு. 7/8 எண்டா 0.875. அப்ப கொஞ்சம் கூட்டி அளவுகோல்ல உள்ள கோட்டுக்கு கொண்டந்திருக்காங்க, எங்கட மேசன்மார் கணக்கு மாதிரியே. அம்மாட்ட இதை சந்தோசமா சொல்லப் போனன், அவ "ஓம், குறுக்கு வெட்டுக்கு கூட விடத்தானே வேணும்" எண்டுபோட்டு ஊசியில நூல் கோத்தா.

டெம்ப்ளேட்டை பென் டிரைவ்ல கொண்டு போய் டவுன்ல ஒரு கடையில பிறிண்ட் எடுத்தன், மட்டையில ஒட்டி வெட்டினன், அம்மா அதை துணியில வைச்சு சோக்கால கீறி வெட்டினா. பட்டிகளை மட்டும் நான் அடிமட்டம் வைச்சு நேரா அளந்து வெட்டினன். ரெண்டு கிழமையா ராவைக்கு ராவைக்கு தைச்சு 48 ப்ளொக்கும் முடிஞ்சு, ஆறு ஆறா சேத்து முதல் வரிசையும் முடிஞ்சு. அதுக்கு கீழ நீளப்பட்டியை வைச்சுப் பாத்தா பட்டி ஒண்டேகால் இஞ்சி நீளம்.

நான் பட்டியை திருப்பி அளந்தன், நாப்பத்தாறரை, சரி. வரிசையை அளந்தன், பிழை. ஒரு ப்ளொக்கை அளந்தன், தைச்ச பிறகு 6 வரவேண்டியது 5.8 நிக்குது. அம்மாட தையல்லதான் பிழை எண்டு வாய் வரைக்கும் வந்திச்சு, நல்லகாலம் சொல்லல்ல. மட்டையை எடுத்து அளந்து பாத்தா ஒம்பது கட்ட ப்ளொக்குக்கு வெட்டுற ரெண்டரை இஞ்சி சதுரம் 2.43 தான் இரிக்கு.

கதை என்னெண்டா, நான் எடுத்த வெறும் பக்கம் அமெரிக்கக்காரர்ட லெட்டர் சைஸ், அகலம் 8.5 இஞ்சி. கடையில போட்டது ஏ4, அகலம் 8.27. பிறிண்ட் பண்ணேக்க பக்கத்துக்கு பொருத்தமா சுருக்கு எண்டு டிக் போட்டபடி இருந்திருக்கு, எல்லாம் 97 வீதமாகிட்டு. இதுல இன்னொரு விசயம், துண்டுட அளவுதான் சுருங்கினது, தையல் சுருங்கல்ல, அது அப்பிடியே கால் இஞ்சி. ஒவ்வொரு துண்டும் 0.07 குறைய, மூண்டு துண்டு சேர ஒரு ப்ளொக்குக்கு 0.2, ஆறு ப்ளொக்குக்கு 1.2. பிழை பெருகிப் பெருகி கடைசியில பட்டியிலதான் முழிக்குது. குயில்ட் டெம்ப்ளேட் கனத்துல ஒரு இஞ்சி சதுரம் ஒண்டு கீறியிருப்பாங்க, பிறிண்ட் எடுத்த உடன அதை அளந்து பாக்கணும். நான் எடுத்த பக்கத்துல இருந்ததை அலங்காரம் எண்டு நினைச்சு அழிச்சிட்டன். ஸ்கேல் பிழைச்ச பிளானோட வாற பொடியன்மாரை எத்தின தரம் ஏசியிருப்பன்.

அம்மாட்ட கேட்டன், ப்ளொக்குக்கு இடையில வைச்ச சின்னப் பட்டியும் நீளமா இருந்திருக்குமே, நீங்க காணல்லையா? "கண்டன், நீ கூட விட்டிருக்காய் எண்டு நினைச்சு நுனியை வெட்டிப்போட்டு தைச்சன்" எண்டா. தையல்காரிக்கு துணி கூட இருந்தா அது பிழையில்ல, அது நல்ல குணம்.

நான் ஓடிப்போய் லெப்டொப்பை திறந்து ப்ளொக்கை 5.8 ஆக்கி, கரை இல்லாம அகலம் 44.8, நீளம் 60.4, கரை எவ்வளவு பட்டி எவ்வளவு எண்டு எல்லாத்தையும் மறுகா கணக்குப் போட்டு பேப்பர்ல எழுதிக்கொண்டு வந்தன். அதுக்குள்ள அம்மா பட்டியை வரிசையோட சேத்து வைச்சு மிச்சத்தை வெட்டிப்போட்டு பாதி தைச்சு முடிச்சிட்டா. அளந்து பாத்தா என்ட பேப்பர்ல உள்ள அளவுதான்.

எல்லா வரிசையும் முடிஞ்சு கட்டில்ல விரிச்ச நாள் இருக்கே, அதுதான் எனக்கு பெரிய அடி. வாசல்ல நிண்டு பாத்தன், சாய்ஞ்ச கோடு தெரியுது. ஜன்னல் பக்கம் போய் கிறுகி பாத்தன், கோட்டுல பாதி இல்ல. மயில்கழுத்து துணி எல்லாம் பச்சையா வெளுத்து நிக்குது, கருநீலம் மட்டும் அங்கங்க குந்திக்கொண்டிருக்கு. திரும்ப வாசலுக்கு வந்தா கோடு வந்திட்டு. எனக்கு தலை சுத்திச்சு. அம்மா வெத்தில இடிச்சுக்கொண்டே சொன்னா, "அது ஊடும் பாவும் வேற வேற நிறம் மனே, நீளத்துக்கு ஓடுற பாவு நீலம், குறுக்க ஓடுற ஊடு பச்சை. நீ முக்கோணத்தை கிறுக்கிக் கிறுக்கி வைச்சிருக்காய், ஒண்டுல நீலம் முழிக்குது மற்றதுல பச்சை முழிக்குது."

ஸ்கேனர் பாக்கிறது ஒரே ஒரு வெளிச்சத்துல ஒரே ஒரு பக்கமா. திரையில நான் 90 பாகை கிறுக்கினா படம் கிறுகும், நிறம் மாறாது. துணியை கிறுக்கினா நிறமே மாறுது. 17 சமச்சீர் வைச்சிருக்கிற சொப்ட்வெயாருக்கு இது தெரியா, எனக்கும் தெரியா, கஞ்சி போட்டு அயன் பண்ணேக்கயே அம்மாவுக்கு தெரிஞ்சிருக்கு. ஏன் அப்பவே சொல்லல்ல எண்டு கேட்டன், "நீ அப்பிடித்தான் வேணுமெண்டு கீறியிருக்காய் எண்டு நினைச்சன், நல்லாத்தானே இரிக்கு, நடக்க நடக்க மாறுது" எண்டா.

பிரிச்சுத் தைக்கல்ல. நடுவுக்கு பழைய கம்பளிப் போர்வ ஒண்டு, பின்னுக்கு அம்மாட பழைய வொயில் சீலை, மூண்டையும் சேத்து கையால நூலோடி, மறுகா சின்னத் தையலா தைச்சு விளிம்பை மடிச்சு அனுப்பியாச்சு. அக்கா அதை வெள்ளன எழும்பினா ஒரு நிறம் ராவையில லைட்டுக்கு ஒரு நிறம் எண்டு போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கா, நானும் அது வேணுமெண்டே செய்தது எண்டுதான் சொல்லி வைச்சிருக்கன். இப்ப என்ட டெம்ப்ளேட் எல்லாத்திலயும் ஒரு இஞ்சி சதுரமும் இரிக்கு, பிளான்ல வடக்குக்கு போடுற மாதிரி ஒவ்வொரு துண்டுலயும் பாவு எந்தப் பக்கம் எண்டு ஒரு அம்பும் இரிக்கு.

நடுவுல ஒரு ராவு அம்மாவுக்கு இன்னொரு வீடியோ காட்டினன், கர்நாடகாவில உத்தர கன்னடப் பக்கம் சித்தி எண்டு ஒரு சனம், ஆபிரிக்காவில இருந்து வந்தவங்கட வழி, அந்தப் பொம்புளையள் கவந்தி எண்டு ஒரு போர்வ தைக்கிறாங்க. டிசைனுமில்ல அடிமட்டமுமில்ல, வெளி ஓரத்துல தொடங்கி துண்டு துண்டா வைச்சு சுத்திச்சுத்தி கையால தைச்சு நடுவுக்கு வருவாங்க, கடைசியில நாலு மூலையிலயும் துணியை மடிச்சு ஒரு பூ வைப்பாங்க. அம்மா ஒண்டும் கதைக்காம முழுக்க பாத்தா, பாத்து முடிச்சிட்டு மறுகா ஒருக்கா போடு எண்டா.

ரெண்டாவது உரபேக் இப்ப திறந்திரிக்கு. போன ஞாயிறு அம்மா பாயில துண்டுகளை பரப்பி வைச்சிட்டு என்னைக் கூப்பிட்டு "இதை உன்ட கொம்பியூட்டர்ல ஏத்து, எவ்வளவு துணி வேணுமெண்டு கணக்கு சொல்லு" எண்டா. ஒரு துண்டும் இன்னொண்டு மாதிரி இல்ல, ஒரு கோடும் நேரா இல்ல, குளோன் பண்ண ஒண்டுமே இல்ல. நடுவால சாய்ஞ்சு போற மாதுளம்பழ நிறத் துண்டை அளந்து பாத்தன், 37 பாகை. ஏன் 37 எண்டு கேட்டா "எத்தின பாகையோ எனக்கெங்க தெரியும், அப்பிடி வைச்சாத்தான் கண்ணுக்கு சரியா இரிந்திச்சு" எண்டுறா. மூண்டு நாளா ஒவ்வொரு துண்டா அளந்து ஏத்துறன், இன்னும் கால்வாசி ஆகல்ல. பாயை மடிக்கவும் விடுறாவில்ல, நாங்க எல்லாரும் சுவரோரமா நடந்துதான் குசினிக்கு போறம்.